தலைக்கு மேல் ஒரு சுளகு மழை

முதலில் கேட்டது சத்தம்தான். சொட், சொட் என்று, காய்ந்த பனையோலையில் யாரோ விரல் நுனியால் தட்டுவது போல ஆரம்பித்து, பிறகு நெருங்கி, அடர்ந்து, உப்பின் மேல் தண்ணீர் விழும் சத்தமாக, வேலாங்கரையில் பிறந்த குழந்தைகூடத் தூக்கத்தில் கேட்டால் திடுக்கிட்டு அழுகிற அந்தச் சத்தமாக அது ஆனபோது, ஆண்கள் வாருபலகைகளைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு ஓடினார்கள், உப்பு அம்பாரத்தை மூடுகிற தார்ப்பாயை இழுத்துக்கொண்டு நாலு பேர் ஓடினார்கள், கங்காணி சுயம்புலிங்கம் குடையை விரிக்க மறந்து அதை ஊன்றிக்கொண்டே ஓடினார். ஓடிய எல்லாரும் வானத்தை அண்ணாந்து பார்த்தபோது அங்கே ஒன்றுமில்லை. சித்திரை மாதத்து வானம், வெளுத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி ஒரு கறையுமில்லாமல் கிடந்தது.

மற்ற ஊர்களில் மழை கேட்டுக் கும்பிடுவார்கள். வேலாங்கரையில் தை பிறந்தால் மழை வேண்டாமென்று கும்பிடுவார்கள். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவைத்து, வாரி, சுமந்து, மலைபோல் குவித்த உப்பை ஒரு பொழுது மழை கரைத்துக்கொண்டு போய்விடும் என்பதால் அந்த ஊரில் மழை என்ற வார்த்தையைச் சாப்பிடும்போது யாரும் சொல்வதில்லை.

அப்புறம்தான் பார்த்தார்கள். அம்பாரத்துக்கு ஏறுகிற பலகையில், தலையில் உப்புப்பெட்டியோடு பேச்சிக்கனி நின்றுகொண்டிருந்தாள். அவள் தலைக்கு ஒரு முழம் மேலே, சுளகு அகலத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் நின்றது. அது அவள் மேலும் அவள் பெட்டியின் மேலும் மட்டும் பெய்தது. பெட்டியின் ஓலைப் பின்னல் வழியாக உப்புத்தண்ணீர் வழிந்து அவள் கண்ணில் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. களவுச் சாமானோடு பிடிபட்டவள் மாதிரி நின்றாள்.

“யம்மா பேச்சி, அங்கன தள்ளி நில்லு தாயி, உப்பு போகுது,” என்றார் கங்காணி. அவள் தள்ளி நின்றாள். மேகமும் கூடவே தள்ளி நின்றது.

பேச்சிக்கனிக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினாலு வயதில் உப்பளத்துக்குச் சுமக்க வந்தவள், வேறு வேலை தெரியாதவள், லாரியில் மூட்டை ஏற்றி முதுகு போன புருஷன் கொம்பையாவுக்கும் சேர்த்து உழைக்கிறவள். அவளுக்கு அந்த நேரத்தில் மேகம் ஆச்சரியமாகத் தெரியவில்லை. ஆச்சரியம் வேறொன்றில் இருந்தது. பெட்டியைத் தலைக்குத் தூக்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ ஒன்று பிடி விடும், விட்டதும் சொட்டும், சொட்டியது தொடையில் ஓடும், வருஷக்கணக்காக அப்படித்தான். அதற்காகவே அவள் இரண்டு பாவாடை கட்டினாள், உள்ளே பழந்துணியை மடித்து வைத்தாள், ஈரம் தெரியாத நிறத்தில் சேலை எடுத்தாள், வரிசையில் கடைசியாக நடந்தாள், பேருந்தில் ஏறுவதை விட்டாள், மகள் வீட்டுக்குப் போவதை விட்டாள். ஊரிலேயே சிரிக்க வைக்கிறவள் என்று பேரெடுத்த லூர்தம்மாள் பக்கத்தில் கஞ்சி குடிக்க உட்காருவதையும் விட்டாள். இன்றைக்கும் அந்தப் பிடி விட்டது. ஆனால் பாவாடை நனையவில்லை. கீழே போக வேண்டியது மேலே போய்விட்டிருந்தது.

மறுநாள் லூர்தம்மாளுக்கு வந்தது. அவளுடையது சுளகு அல்ல, கயிற்றுக்கட்டில் அகலம். ஆறு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்று, ஒவ்வொரு பிள்ளைக்கும் பச்சை உடம்பு ஆறுமுன்னே பெட்டி தூக்க வந்தவள் அவள். அவள் நிற்க நிற்க மேகம் கீழே இறங்கிக்கொண்டே வந்து, சாயங்காலம் ஆகும்போது கொண்டையில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு அளத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஒவ்வொருவராக, வரும் என்று தெரிந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல, தங்களுக்கு வந்த மேகத்தைத் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். விறகுப் புகையிலும் உப்புத்தூசியிலும் நெஞ்சு கெட்டுப்போன சந்தனக்கிளி இருமினால் அவள் மேகமும் கூடவே இருமித் தூறல் தெறித்தது. சுகர்க்காரத் தங்கபுஷ்பத்தின் மேகத்துக்கு உறக்கமே கிடையாது. கர்ப்பப்பையை எடுத்தால் எல்லாத் தொந்தரவும் தீரும் என்று யாரோ சொல்ல, இளவயதிலேயே எடுத்துக்கொண்ட ரேஷன் கடைக்காரம்மாவின் மேகம், இடியும் காற்றும் இல்லாமல், வீட்டுக் கதவைத் திறக்கச் சாவியை நுழைக்கும் அந்த ஒரு கணத்தில் கொட்டித் தீர்த்துவிடும். விலக்கு நின்றுபோன சிலருக்கு மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மெலிந்த பனிமூட்டம்தான். பிள்ளை பெற்ற சிறு பெண் ஒருத்திக்கு உள்ளங்கையளவு மேகம் வந்து, சில வாரம் அவளோடு தொட்டில் ஆட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் பெண்களுக்கென்று வெளியே ஒரு பெஞ்சு போட்டார், டீயில் தண்ணீர் விழுகிறது என்று. மினி பஸ் கண்டக்டர் “மேகம் இருக்கிறவங்கள்லாம் பின்னால போங்க, பின்னால போங்க” என்று விசிலுக்கு முன்னால் கூவப் பழகினார். மாதாகோயிலில் பெண்கள் பக்கத்துக்கு மட்டும் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெண்ணின் அம்மா தலைக்கு மேல் பார்த்தார்கள். கொம்பையா தன் பெண்டாட்டி படுக்கிற பாயைச் சுற்றி வீட்டிலிருந்த அலுமினியச் சட்டிகளை எடுத்து வைத்தார், இரண்டு சட்டிகளுக்கு நடுவே விழுந்த சொட்டைப் பார்த்து ஒரு சட்டியை நகர்த்தி வைத்தார், பிறகு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஏன் வந்தது என்று ஆண்கள் பேசினார்கள். கடற்கரையில் புதிதாக வந்த புகைக்கூண்டு என்றார்கள், அம்மனுக்குக் கொடை தள்ளிப்போனது என்றார்கள், உப்புக்காற்றும் பெண்கள் பூசுகிற மஞ்சளும் சேர்ந்தால் இப்படி ஆகும் என்று ஒருவர் சொன்னார். பெண்கள் இந்தப் பேச்சு எதிலும் சேரவில்லை. தனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருத்தியும் பாவாடைக்குள் மடித்து வைத்திருந்தது இப்போது எல்லாருக்கும் தலைக்கு மேலே தெரிந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டிய தேவைகூட இல்லாமல் போய்விட்டது.

ஒரு மத்தியானம் கஞ்சி நேரத்தில், பேச்சிக்கனி வழக்கம்போல எட்டப் போய் உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ஏட்டி பேச்சி, எம்புட்டு வருசமா?”

பேச்சிக்கனி கஞ்சியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “கடைசிப் பயலுக்குக் காதுகுத்துனதுல இருந்து மயினி.”

“எனக்கு மூணாவது பிள்ளையில இருந்து.” லூர்தம்மாள் ஒரு மிளகாயைக் கடித்தாள். “நீ எம்மேல கோவமா இருக்கன்னுல்லா நெனச்சேன். எம்புள்ள கல்யாணத்துல பந்தியில இருந்துகூட எந்திரிச்சுப் போயிட்ட. நான் என்ன சொல்லிட்டேன், என்ன சொல்லிட்டேன்னு படுத்து யோசிப்பேன்.”

“நீங்க சிரிக்க வச்சிய மயினி. நான் இன்னும் உக்காந்து சிரிச்சிருந்தா அந்த நாற்காலி நனைஞ்சத எல்லாரும் பாத்திருப்பாவ.”

“சவத்த, இதச் சொல்லுததுக்கு என்ன. நான் உக்காந்திருந்த நாற்காலியும் அப்பிடித்தான் கெடந்துச்சு. ஒரு செம்பு தண்ணியத் தட்டிவிட்டுட்டு, எந்த மூதி தண்ணியக் கொட்டுனதுன்னு நானே ஏசிட்டு வந்தேன்.”

பேச்சிக்கனியின் உதடு கோணியது. உடனே அடக்கிக்கொண்டாள். மேலே மேகம் ஒரு சொட்டை விட்டு, அதையும் பாதியில் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

பிரச்சினை உப்பு. அம்பாரத்தில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியிலும் கால்பங்கு கரைந்துபோனது, கரைந்தது கீழே இருப்பதையும் அரித்தது. கங்காணி பனைமட்டைக் கூரை கட்டிப் பார்த்தார். மேகங்கள் கூரைக்குக் கீழே நின்றன. பெட்டிக்கு மூடி போட்டுப் பார்த்தார். மூடிக்கு மேல் தேங்கிய தண்ணீர் சுமையைக் கூட்டியது. கடைசியில் ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், குடைக்கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“மொதலாளி சொல்லிட்டாவ. இந்த அம்பாரத்தை லாரி வந்து ஏத்திட்டுப் போற வரைக்கும்தான். அதுக்குப் பெறகு மேகம் உள்ளவிய வர வேண்டாம். வெளியூர்ல இருந்து சின்னப் பொம்பளப் பிள்ளைகள வேன்ல கொண்டாராவ. நான் என்ன செய்ய, நீங்களே சொல்லுங்க.”

பேச்சிக்கனி தன் கையைப் பார்த்தாள். உப்பு தின்று வெடித்த அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போய் நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. லாரி வருவதற்குள் மேகத்தை விரட்டியாக வேண்டும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வித்தைதான், முப்பது வருஷத்துக்கு மேலாகக் கண்ணால் பார்த்தது.

“பாத்தி காயணும்னா என்ன செய்யுதோம்?” என்று அன்று சாயங்காலம் அடிபம்படியில் அவள் கேட்டாள். “வாய்க்காலை அடைக்கோம்லா. தண்ணி உள்ள போனாத்தான மேல மேகமாகும். குடிக்கத நிப்பாட்டுவோம்.”

உப்புக்காரிகளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஏற்கெனவே அவர்கள் பாதி அடைத்த வாய்க்கால்கள்தான். விடியும் முன்னே அளத்துக்கு வந்தால், வெயில் சாயும்வரை ஒதுங்க ஒரு மறைவு கிடையாது. அளம் முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு செடி கிடையாது. நாலு பக்கமும் கண்ணாடி மாதிரிப் பாத்திகள், பாத்திக்கு ஒரு ஆண். அதனால் சிறு பெண்ணாக வந்த நாளிலிருந்தே காலையில் அரை டம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு வருவது, வந்தால் அடக்குவது, அடக்கி அடக்கி வீட்டுக்கு ஓடுவது என்றே பழகியவர்கள். இப்போது அந்த அரை டம்ளரையும் நிறுத்தினார்கள்.

பாத்தி காய்ந்தால் அடியில் என்ன மிஞ்சும் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள். உப்பு எடுத்தபின் மிஞ்சுகிற கடைசித் தண்ணீர் கடுங்கசப்பாக இருக்கும், புண்ணில் பட்டால் உயிர் போகும், அதை வெளியே திறந்துவிடாமல் வைத்திருந்தால் பாத்தியையே கெடுக்கும். அவர்களுக்கும் அப்படித்தான் ஆனது. மேகங்கள் சிறுக்கவில்லை, கறுத்தன. தூறல் மஞ்சளாகி, விழுந்த இடம் எரிந்தது. முன்பு பெட்டி தூக்கும்போது மட்டும் பெய்தது இப்போது சும்மா நின்றாலும் பெய்தது. வயிறு கல்லாக இறுகி, முக்கி முக்கி உட்கார்ந்தவர்களுக்கு அந்த முக்கலுக்கும் சேர்த்துப் பெய்தது. வெயில் உச்சிக்கு வந்த ஒரு நேரத்தில் பேச்சிக்கனி வரப்பிலிருந்து பாத்திக்குள் சரிந்து விழுந்தாள். தூக்கி எடுத்தபோது அவள் ஒரு பக்கம் முழுவதும் உப்புப் பூத்திருந்தது.

ஆள் அனுப்ப, சுகாதார நிலையத்து நர்ஸ் ஞானசெல்வி ஸ்கூட்டரில் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு சின்ன மேகம் வெளிவந்து அவள் வகிட்டின் மேல் நின்றது. பேச்சிக்கனியை மடியில் சாய்த்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே, சுற்றி நின்றவர்களின் தலைக்கு மேல் ஒரு தரம் பார்த்தாள், அடுப்பில் எது கொதிக்கிறது என்று மூடியைத் திறக்காமலே தெரிந்துகொள்கிறவள் மாதிரி.

“வாய்க்காலை அடைச்சா நீர்ப்பை சுருங்கிப் போகும்கா. சுருங்குன பை கொஞ்சத்துக்கே துள்ளும். தண்ணி குடிக்கணும். வரும்போது போயிரணும், அடக்கக் கூடாது. லூர்தக்கா, உங்களுக்குக் கர்ப்பப்பை அடி இறங்கியிருக்கு, பெரியாஸ்பத்திரியில காட்டணும், நான் கூட வாரேன். சந்தனக்கிளியக்கா, மொதல்ல அந்த இருமலப் பாக்கணும். தங்கபுஷ்பத்துக்கு ரத்தம் எடுக்கணும்.” பிறகு குரலைத் தணித்து, கீழே எதை எப்படி இறுக்கிப் பிடித்து, எண்ணி, விட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். “தெனமும் செய்யணும். மாசக்கணக்காகும். எல்லாருக்கும் முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா பொம்பளையாப் பொறந்தா வயசானா இப்பிடித்தான்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.”

“எல்லாம் சரி நர்சம்மா,” என்றாள் லூர்தம்மாள். “வரும்போது போகச் சொல்லுதிய. எங்க போக?”

ஞானசெல்வி திரும்பிப் பார்த்தாள். பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு, அதற்கப்பால் கடல். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனபோது அவள் மேகம் ஹெல்மெட்டுக்குள் போக மறந்து பின்னாலேயே பறந்தது.

பேச்சிக்கனி எழுந்து உட்கார்ந்தாள். அவள் எதிரே அம்பாரம் இருந்தது. அந்த வருஷத்து உப்பு முழுவதும், அவளும் இவர்களும் தலையில் சுமந்து ஏற்றியது, நீலத் தார்ப்பாய் போர்த்தி, ஓரங்களில் கயிறு கட்டி, கயிற்றில் கல் கட்டி, காற்று புகாமல் ஈரம் புகாமல் பத்திரமாக இருந்தது. அவள் அதை முன்பின் பார்த்திராதது போலப் பார்த்தாள்.

லாரிகள் வந்த காலையில், பெட்டி எடுக்க வேண்டிய பெண்கள் பெட்டி எடுக்கவில்லை. அம்பாரத்தைச் சுற்றி, தார்ப்பாய் விலக்கிய உப்பில் முதுகை ஒட்டி, வட்டமாக நின்றுகொண்டார்கள். மேகங்களெல்லாம் தோளோடு தோள் இடித்து ஒன்றாகி, அம்பாரத்துக்கு ஒரு சாம்பல் தலைப்பாகை கட்டியதுபோல் நின்றன. டிரைவர்கள் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

“என்ன தாயி இது,” என்றார் சுயம்புலிங்கம்.

“ஒரு தார்ப்பாய் வேணும் அண்ணாச்சி,” என்றாள் பேச்சிக்கனி. “நாலு கம்பும் ஒரு பானைத் தண்ணியும். வேற ஒண்ணும் கேக்கல.”

“தார்ப்பாய் உப்புக்குல்லா.”

“உப்புக்குத்தான். உப்பு நனையக் கூடாதுன்னு மூடுதிய. நாங்களும் நனைஞ்சுட்டுத்தான் இருக்கோம், எத்தனையோ வருசமா. அதான் கேக்கேன்.”

கங்காணி குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். “மொதலாளிட்ட கேக்காம நான் எப்பிடி…”

“கேளுங்க, கேளுங்க. நாங்க சும்மா நிக்கோம்,” என்றாள் லூர்தம்மாள். பிறகு பக்கத்திலிருந்த சந்தனக்கிளியிடம் திரும்பி, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில், “ஏட்டி, நம்ம கங்காணி அண்ணாச்சி கல்யாணத்துல மாலை மாத்தும்போது என்ன நடந்துச்சு தெரியுமா?” என்று ஆரம்பித்தாள்.

“லூர்து, வேண்டாம்.”

“மாலைய எடுத்துட்டு நிமிர்ந்தா, பொண்ணுக்குப் பக்கத்துல மாமியார் நிக்காவ. ரெண்டு பேருக்கும் ஒரே நெறத்துல சேலை. அண்ணாச்சிக்கு அப்பவே கண்ணு மங்கலு…”

முதலில் சிரித்தது பேச்சிக்கனி. அவளுக்கே தெரியாமல், எத்தனையோ வருஷமாகப் பல்லுக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது, அணை உடைந்ததுபோல வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள். அவள் மேகம் கொட்டியது. அவள் சிரிப்பைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள், சந்தனக்கிளி சிரித்து இருமி, இருமிச் சிரித்தாள். தலைப்பாகை முழுவதும் அவிழ்ந்து பெய்தது. அம்பாரத்தின் ஓரங்கள் குழைந்தன, வெள்ளையாக ஒரு ஓடை அவர்கள் கணுக்காலைச் சுற்றிக் கடலைப் பார்த்து நடந்தது.

“சிரிக்காதிய தாயி,” என்றார் சுயம்புலிங்கம். “போதும். போதும். சிரிக்காதிய.”

அவரே போய்த் தார்ப்பாயின் ஒரு மூலையைக் கத்தியால் அறுத்தார். அறுத்த துண்டைச் சுருட்டி பேச்சிக்கனி கையில் கொடுக்கும்போது, மற்றவர்கள் காதில் விழாமல் கேட்டார். “அந்த நர்சம்மா… வீட்டுக்கு வருவாவளா? எம்வீட்டுக்காரி வெளியவே வர மாட்டேங்கா. வீட்டுக்குள்ள ஒரே ஈரம்.”

“வருவாவ அண்ணாச்சி. சொல்லுதேன்.”

அளத்தின் மேற்கு வரப்பில் நாலு கம்பு நட்டுத் தார்ப்பாயைச் சுற்றினார்கள். முதலாளி கோபப்பட்டார் என்றார்கள். வேனும் வராமல் இல்லை, வந்தது. அதிலிருந்து இறங்கிய சின்னப் பிள்ளைகள் பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் அந்த நீல மறைவைத்தான் பார்த்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்கள். இருந்தவர்களை யாரும் போகச் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் வந்து அம்பாரத்தடியில் நிற்பார்கள் என்று கங்காணி முதலாளியிடம் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. மேகங்களும் உடனே போய்விடவில்லை. பேச்சிக்கனியின் சுளகு, தேங்காய்ச்சிரட்டை அளவுக்கு வர ஐப்பசி ஆனது, அதற்கு மேல் அது குறையவில்லை. லூர்தம்மாளின் கட்டில் ஆபரேஷனுக்குத் தேதி கேட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளோடு இன்னும் காத்திருக்கிறது.

மறைவு கட்டி முடித்த அன்று யார் முதலில் போவது என்று தயங்கினார்கள். லூர்தம்மாள் பேச்சிக்கனியின் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். அவள் உள்ளே போனாள். நீல வெளிச்சத்தில், மண்ணைப் பார்த்துக்கொண்டு, அளத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவசரமில்லாமல் உட்கார்ந்தாள்.

வெளியே எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. சொட், சொட் என்று ஆரம்பித்து, பிறகு நெருங்கி, அடர்ந்து, மண்ணில் தண்ணீர் விழும் சத்தம். பாத்திகளில் ஆண்கள் ஒரு கணம் வாருபலகையை நிறுத்தினார்கள். யாரும் ஓடவில்லை. வானத்தைப் பார்க்கவில்லை. மறுபடி குனிந்து வாரத் தொடங்கினார்கள்.

பேச்சிக்கனி வெளியே வந்தாள். முந்தானையைச் செருகி, துணியைச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்தாள். லூர்தம்மாள் ஒரு பக்கம் பிடிக்க, பெட்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டாள். மேலேயிருந்து ரெண்டு சொட்டு விழுந்தது. புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பலகையில் ஏறினாள்.